நீச்சல் தெரியாதவர்

அப்பா கடைசியாகப் பேசியது, "எனக்கு நீச்சல் தெரியாது" என்பதுதான். சொல்லிவிட்டு என்னையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் ஏதோ அவரைத் தண்ணீரில் தள்ளத் திட்டம் போட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மூச்சு நின்றுவிட்டது.

"காய்ச்சல்ல பிதற்றியிருக்காரு," என்றான் அண்ணன் கைமிங்.

அண்ணன் வால்நட் வியாபாரி. எதையும் சட்டென்று மூட்டை கட்டித் தைத்துவிட வேண்டும் அவனுக்கு. எனக்கு அது சரியாகப் படவில்லை. எழுபத்தெட்டு வயதுவரை அந்த மனுஷன் தேவையில்லாமல் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பசித்தால்கூடப் பாத்திரத்தைத்தான் பார்ப்பார். அப்படிப்பட்டவர் சாகும்போது மட்டும் வாயை வீணாக்குவாரா?

இருந்தாலும் யோசிக்க நேரமில்லை. குளிப்பாட்டி, வாயில் அரிசியும் வெள்ளித் துணுக்கும் வைத்து, கூடத்தில் பச்சைப் பைன் இலையைப் பரப்பிப் படுக்க வைத்தோம். அண்ணி மாவு பிசைய உட்கார்ந்தாள். நான் ஆற்றுக்கு அக்கரையில் வாழ்க்கைப்பட்டவள். அங்கே பஸ் நிலையத்துக்கு எதிரே அரிசி நூடுல்ஸ் கடை. கடையைப் புருஷன் பொறுப்பில் விட்டுவிட்டு வந்திருந்தேன், அது வேறு மனதை அரித்தது. அவர் உப்பைக் கையால் அள்ளிப் போடுகிறவர்.

சாயங்காலம் பிமோ வந்தார். செத்தவர்களுக்கு வழி சொல்லி அனுப்புவது அவர் வேலை. சா வென்லின் என்று பெயர். ஊரில் எல்லோருக்கும் பெரியப்பா. அடுப்படியில் தொடங்கி, வாசல்படி, வால்நட் மரம், ஊற்று, செம்மண் சரிவு என்று ஒவ்வொரு இடமாகப் பேர் சொல்லி, ஆற்றைக் கடத்தி, மலைமேல் மலை ஏற்றி, எங்கள் முதல் பாட்டன் புறப்பட்ட ஊர்வரை கொண்டுபோய் விடுவார். ஒரு பேர் விட்டுப்போனாலும் செத்தவர் அங்கேயே நின்றுவிடுவார். இதைப் பிறந்ததிலிருந்து கேட்கிறோம். கேட்கிறோம் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். பிமோ பாட ஆரம்பித்தால் ஆண்கள் சோளச் சாராயத்துக்குப் போவார்கள், பெண்கள் சமையலைப் பார்க்கப் போவார்கள். கேட்க வேண்டியவர் பெட்டிக்குள் இருக்கிறார், அவர் கேட்டால் போதும் என்பது எங்கள் எண்ணம்.

அடுப்பின் முன் உட்கார்ந்து, சின்ன மண்சட்டியில் தேயிலையை வறுத்துக்கொண்டே பிமோ அண்ணனிடம் சொன்னார்: "சேவல் நல்ல காலோட இருக்கணும்ப்பா. துறையில மொதல்ல எறங்குறது அதுதான். அது தயங்கினா பின்னால வர்றவரும் தயங்குவாரு."

"எந்தத் துறை பெரியப்பா?" என்று கேட்டேன்.

"என்னம்மா லிச்சுன், புதுசா கேக்கற? கருங்கல் துறைதான். வேற எது?"

"கருங்கல் துறை தண்ணிக்கு அடியில இருக்கு."

"அணை கட்டினாங்க. இருக்கத்தான் செய்யும்."

"எவ்ளோ ஆழம்?"

"நம்ம வீட்டு மேல நம்ம வீட்ட வெச்சு, அதுமேல இன்னும் ரெண்டு வெச்சா சரியா இருக்கும்," என்றான் அண்ணன். அவனுக்கு அளவு சொல்லப் பிடிக்கும்.

"அப்பாவுக்கு நீச்சல் தெரியாது," என்றேன்.

சட்டியில் தேயிலை கருகியது. பிமோ தேயிலையைக் கருக விட்டு நான் பார்த்ததே இல்லை. அதைக் கொட்டிவிட்டு, புதிதாக ஒரு பிடி போட்டு, அதையும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நான் சொல்ற வழி சரியான வழிம்மா," என்றார் கடைசியில். "எங்கப்பா சொன்னது. அவருக்கு அவங்கப்பா சொன்னது. தண்ணிதான் தப்பான எடத்துல நிக்குது."

"அத தண்ணிகிட்டப் போய்ச் சொல்லுங்க."

"ஏய், பெரியவங்ககிட்டப் பேசற பேச்சா இது?" என்றான் அண்ணன்.

அப்போதுதான் அண்ணி மாவுக் கையோடு வந்து கதவருகே நின்றாள். அண்ணி ஷியூ அதிகம் பேசுகிறவள், ஆனால் பேச்சில் பாதியை யாரும் காதில் வாங்க மாட்டோம். அன்றைக்கு வாங்கினோம்.

"அப்ப அத்தைய எந்த வழியா அனுப்பினீங்க?"

அம்மா செத்தது அணையில் தண்ணீர் ஏறிய அடுத்த வருஷம். ஆற்றின் மேல் பாலம் வந்தது அதற்கும் சில வருஷம் கழித்து. பிமோ அண்ணியைப் பார்த்தார், பிறகு கூடத்தில் கிடந்த அப்பாவைப் பார்த்தார்.

"வழக்கமா அனுப்புற வழியாத்தான்."

"துறைக்கா?"

"துறைக்கு."

பன்றிக் கொட்டிலில் பன்றி மட்டும் ஏதோ குறைபட்டுக்கொண்டது.

"மழைக்கால வரி ஒண்ணு இருக்கு," என்றார் பிமோ, மெதுவாக. "ஆறு பெருகியிருந்தா அவசரப்படாதே. செருப்பக் கழட்டி வெச்சுட்டு கரையில உக்காரு. தண்ணி வடியட்டும். வடிஞ்சதும் கட. அத நான் யாருக்கும் விடறதில்ல. உங்கம்மாவுக்கும் சொன்னேன்."

"அப்ப உக்காந்திருக்கா," என்றான் அண்ணன்.

உட்கார்ந்துதான் இருப்பாள். அம்மா சொன்ன பேச்சைக் கேட்கிறவள். பஸ்ஸில் ஏறி இங்கே உட்கார் என்று நடத்துனர் சொன்னால், இறங்க வேண்டிய இடம் தாண்டினாலும் அவர் எழுந்திருக்கச் சொல்லும்வரை உட்கார்ந்திருப்பாள். தண்ணீர் வடியட்டும் என்று பிமோவே சொல்லியிருக்கிறார். அணைத் தண்ணீர் என்றைக்கு வடிவது? நான் வாரா வாரம் அந்தப் பாலத்தில் பஸ்ஸில் போகிறேன், வருகிறேன். ஜன்னலோர இருக்கை. சூரியகாந்தி விதை கொறித்து ஓட்டைத் தண்ணீரைப் பார்த்துத் துப்பிக்கொண்டே போவேன். அம்மா அங்கே கீழே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அது முதலில் வரும்.

"அதான் அப்பா ஆட்ட ஓட்டிக்கிட்டு அங்கயே போனாரு," என்றான் அண்ணன் திடீரென்று. "நானும் சொல்லிச் சொல்லிப் பாத்தேன். அந்தக் கரையில ஒரு புல்லு கெடையாது. ஆடெல்லாம் எலும்பா திரும்பி வரும். மறுநாளும் அங்கயேதான் போவாரு. சோத்துப் பொட்டலம் வேற ரெண்டு கட்டச் சொல்லுவாரு."

"ரெண்டு சாப்டா ஒடம்பு ஏறணுமேன்னு நான் நெனச்சிருக்கேன்," என்றாள் அண்ணி.

"தெரிஞ்சிருந்தா என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?" என்றார் பிமோ.

"உங்க மனசு நோகும்னு சொல்லியிருக்க மாட்டாரு," என்றேன். அது உண்மையாகத்தான் இருக்கும். அப்பா பேசாமல் இருந்ததில் பாதி மரியாதை, மீதி சோம்பல்.

அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "இதுல என்ன இருக்கு? பாலம் இருக்கில்ல? பாலத்து வழியாப் போகச் சொல்லுங்க. ரெண்டு பேரும் போயிடுவாங்க."

"பாலத்துக்குப் பேர் என்ன?" என்று கேட்டார் பிமோ.

அண்ணன் பாலத்தின்மேல் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும் பேரைச் சொன்னான்.

"அது சீனப் பேரு."

அண்ணன் உட்கார்ந்துவிட்டான். ஏனென்றால் செத்தவர்களுக்குச் சீனமொழி தெரியாது. உயிரோடு இருக்கும்போது எவ்வளவு தெரிந்திருந்தாலும் சரி. பள்ளிக்கூடத்தில் படித்தது முதலில் போகும், சந்தையில் கற்றது அடுத்தது, மிஞ்சுவது எங்கள் லாலோப் பேச்சு ஒன்றுதான். எங்கள் ஊர்க் கணக்கர் ஒருவர் வானொலியில் செய்தி வாசிப்பவர்போலச் சீனமொழி பேசுவார். அவர் செத்தபோது மகன் குன்மிங் நகரத்திலிருந்து வந்து சீனத்தில் அருமையாக ஓர் உரை படித்தான். எல்லோரும் கை தட்டினோம். கணக்கர் ஒரு மாதம் மனைவியின் கனவில் வந்து, "பய என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று கேட்டு உயிரை எடுத்துவிட்டார். வேறு ஊர் யீ இனத்துக்காரரிடம் வழி கேட்டுக்கொள்ளலாம் என்றாலும் முடியாது. அடையாள அட்டையில் எங்கள் எல்லோரையும் யீ என்று ஒரே பேரில் போட்டிருக்கிறது. இரண்டு மலை தாண்டினால் அந்த யீக்காரர் பேசுவது எனக்குப் புரியாது. அவரிடம் பன்றிக்குட்டி வாங்க வேண்டுமென்றால் இருவரும் சீனத்துக்குத்தான் தாவ வேண்டும்.

"செத்தவரு உயிரோட இருக்கும்போது காதால கேட்ட பேரா இருக்கணும்," என்றார் பிமோ. "நான் இப்ப உக்காந்து செய்யற பேரு அவருக்கு எப்படித் தெரியும்?"

"மாமாவே ஒரு பேரு சொல்லுவாரே," என்றாள் அண்ணி.

சொல்வார்தான். பாலம் திறந்த அன்று மேளம் அடித்து, எல்லோரும் அக்கரைக்கு பஸ்ஸில் போய், காரணமே இல்லாமல் திரும்பி வந்தோம். அப்பா போகவில்லை. ஒரு கரையில் தலையும் மறுகரையில் காலுமாக நீட்டிக் கிடந்த அந்தப் பாலத்தைப் பார்த்து, "சோம்பேறி படுத்துட்டான்" என்றார். அதிலிருந்து அவர் வாயில் அதற்குப் படுத்த சோம்பேறி என்றுதான் பேர்.

பிமோ கண்ணை மூடி அதை இரண்டு தடவை வாய்க்குள் பாடிப் பார்த்தார். "படுத்த சோம்பேறியின் முதுகில் ஏறு." மூன்றாவது தடவை தலையை ஆட்டினார். "தாளத்துல நிக்குது," என்றார், கொஞ்சம் வருத்தத்தோடு. "அவருக்குத் தெரிஞ்சா போதும், உங்கம்மா அவரு பின்னால போயிடுவா."

ஆனால் காலால் நடக்காத வழியை அவர் யாருக்கும் சொல்ல மாட்டார். மறுநாள் காலை அண்ணனின் மூன்று சக்கர வண்டியில் நானும் அவரும் பாலத்துக்குப் போனோம். பாலத்தின் முனையில் ஒரு காவலாளி, சின்ன வயசு, சீனப் பையன், பேர் லூ. பிமோ அவனைத் தாண்டி விறுவிறுவென்று நடந்தார். பையன் ஓடிவந்து மறித்தான். பிமோ தொழிலில் இருக்கும்போது சீனமொழி பேசமாட்டார் என்பதால் நான் பேசினேன்.

"நடந்து போறவங்களுக்கு அனுமதி இல்லக்கா. பஸ்ல போங்க."

"இவரு வழி பாக்க வந்தவரு. பஸ்ல போக முடியாதவரு எங்கப்பா. நாளைக்கு நடந்துதான் வருவாரு."

"என்ன வயசு?"

"எழுபத்தெட்டு."

"அந்த வயசுல இவ்ளோ தூரம் நடக்க விடறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?"

"செத்துட்டாரு தம்பி."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். பாலத்தைப் பார்த்தான், லாரிகளைப் பார்த்தான். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் நான் நாலு கேட்டிருப்பேன்.

"எத்தன மணிக்கு வருவாரு?"

"காலையில. வெயில் ஏறறதுக்கு முன்ன."

"தனியாவா?"

"ஒரு சேவல் கூட வரும். அம்மாவும் வருவாங்க."

"அப்ப இடது ஓரமா வரச் சொல்லுங்க. வலது பக்கம் மணல் லாரி கண்ணு மண்ணு தெரியாம வருவான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். "கேமரால தெரிய மாட்டாங்கல்ல?"

"தெரிய மாட்டாங்க."

"அப்படின்னா எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

பிமோவிடம் சொன்னேன். அவர் இடது ஓரமாக நடந்து அக்கரை சேர்ந்து, பெட்ரோல் பங்குக்குப் பின்னால் பழைய மலைப்பாதையைக் கண்டுபிடித்து, அதன்மேல் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டுத் திரும்பினார். முகத்தில் களை வந்திருந்தது. "பங்க் வரைக்கும்தான் புதுசு. அங்கேர்ந்து எல்லாம் நம்ம வழிதான்," என்றார்.

வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் கூட்டம். துக்கத்துக்கு வந்தவர்கள் என்று நினைத்தேன். அண்ணியின் வாய் சும்மா இருந்திருக்குமா? முதலில் எழுந்தவள் கீழ்வீட்டு விதவை லுவோ ஃபெங். கையில் சாராயக் குப்பி.

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான பெரியப்பா இருக்காரு? அவரையும் சேத்து அனுப்பிடுங்க. அவருக்கு நனைஞ்சா சளி புடிக்கும்."

பிமோ விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். தண்ணீர் ஏறிய பிறகு அவர் அனுப்பியவர்கள். ஒரு கை முடிந்தது, மறு கை முடிந்தது. அடுத்த சுற்றில் ஒரு விரலில் நின்றுவிட்டார். அது அவருடைய சொந்தத் தம்பி. சாராயத்தை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

"பாதி ஊரு கரையில உக்காந்திருக்கு. எவனும் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கல," என்றார்.

பிறகு ஒவ்வொருவராக வந்து பேர் கொடுத்தார்கள். அப்பன், சித்தி, பிரசவத்தில் போன மருமகள். ஒருத்தி மட்டும் வந்து, "எங்க மாமியார் அங்கயே இருக்கட்டும், காத்து நல்லா வரும்" என்றாள். அப்படியெல்லாம் பிரித்து அனுப்ப முடியாது என்று பிமோ சொல்லிவிட்டார். அவள் முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பேரையும் கொடுத்தாள்.

எனக்கு ஒரே ஒரு கவலை பாக்கி இருந்தது. "பெரியப்பா, அப்பா பாட்டுக்கு முன்னால போயிடுவாரு," என்றேன். "சந்தைக்குப் போனாலும் அவரு அங்க சேந்து சாமான் வாங்கி முடிச்சப்புறம்தான் அம்மா போய்ச் சேருவா. நின்னு கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க."

"செத்தவருக்கு வழி சொல்லலாம்மா. கொணத்த மாத்த முடியாது," என்றார்.

மறுநாள் எங்கள் பஞ்சாங்கப்படி புலி நாள். காலையில் பெட்டியை முற்றத்தில் வைத்துப் பிமோ தொடங்கினார். வழக்கத்துக்கு மாறாக யாரும் சாராயத்துக்குப் போகவில்லை, சமையலுக்கும் போகவில்லை. முற்றம் நிறைய ஆட்கள், எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். அடுப்படி, வாசல்படி, வால்நட் மரம். ஊற்றில் தண்ணீர் குடி. செம்மண் சரிவில் பார்த்து இறங்கு. கரைக்கு வந்தாய், அங்கே உட்கார்ந்திருப்பவர்களைப் பார். பிமோ ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். அவரவர் பேர் வந்தபோது அவரவர் வீட்டார் தொண்டையைச் செருமினார்கள். மாமியாரைக் கரையிலேயே விடச் சொன்ன மருமகள்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதாள். கடைசியாக என் அம்மா பேர். தண்ணீர் வடியாது, எழுந்திரு, செருப்பைப் போட்டுக்கொள். படுத்த சோம்பேறியின் முதுகில் ஏறு. இடது ஓரமாகப் போ.

வழி சொல்லும்போது செத்தவர் மட்டும் போவதில்லை. கேட்கிற பிள்ளைகளின் உயிரும் ஆற்றங்கரைவரை கூடவே போய்விடும். அதனால் பிமோ அங்கே நிறுத்தி, உயிரோடு இருப்பவர்களைப் பேர் சொல்லித் திரும்பக் கூப்பிடுவார். கூப்பிட்டதும் வந்துட்டேன் என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் ஆற்றைத் தாண்டிவிட்டால் திரும்புவது கஷ்டம்.

"கைமிங், வந்துட்டியா?"

"வந்துட்டேன்," என்றான் அண்ணன், உடனே.

"ஷியூ, வந்துட்டியா?"

"வந்துட்டேன் பெரியப்பா."

"லிச்சுன், வந்துட்டியா?"

நான் கரையில் நின்றுகொண்டிருந்தேன். வெடித்துக் கிடந்த சேறு, புல் இல்லாத கரை. எல்லோரும் ஏறிவிட்டார்கள். அப்பா வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால், சேவலுக்கும் முன்னால். அம்மா பாலத்தின் முனையில் நின்றுவிட்டாள். அப்படி ஒன்றை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"லிச்சுன், வந்துட்டியா?"

அண்ணன் முழங்கையால் இடித்தான். "சொல்லித் தொலை. பெட்டி தூக்கறவங்க நிக்கறாங்க."

"இரு," என்றேன். "அம்மா இன்னும் ஏறல."

யாரும் சிரிக்கவில்லை. சமையல்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். பெட்டி தூக்க வந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுக் கைகட்டி நின்றார்கள். பிமோ கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டிப் பக்கம் திரும்பி, அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பாட்டிலேயே இல்லாத ஒன்றைப் பாட்டாகவும் இல்லாமல் சாதாரணமாகச் சொன்னார்: "குவெய், நில்லு. திரும்பிப் பாரு. அவ பாலம் பாத்ததில்ல. வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போ."

முற்றத்தில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

"ஏறிட்டாளாம்மா?" என்று என்னிடம் கேட்டார்.

"ஒரு கால் வெச்சிருக்கா."

"இன்னொரு கால்?"

"வெக்கறா. வெச்சுட்டா."

"போறாங்களா?"

"போறாங்க. ரெண்டு பேரும் திரும்பிப் பாக்கல."

"அப்ப நீ வாம்மா."

"வந்துட்டேன்," என்றேன்.